பன்றிக்கு வில்லெடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

தென்னம்பிள்ளைகளைக் காட்டுப்பன்றிகள் அழிப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலியைப் பற்றிக் கேட்கவில்லை, வில்லைப் பற்றிக் கேட்கின்றன. வெளிநாட்டு உறவினர்கள் கைப்பேசிக்கு அனுப்பும் காணொளிகளே இதற்குக் காரணம் என்பது கடிதங்களைப் படித்ததும் விளங்கிற்று. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, ரெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மச்சான் வில்லினால் காட்டுப்பன்றிகளை வீழ்த்தும் காட்சிகளை அடிக்கடி அனுப்புகிறார். எங்கள் காணியில் மூன்று வயதுத் தென்னம்பிள்ளைகளும் மரவள்ளியும் பன்றியால் அழிகின்றன. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் பெறுவது எம்மால் இயலாத காரியம். வில்லுக்கு மருந்தும் வேண்டாம், சத்தமும் இல்லை. நாமும் வில்லைப் பயன்படுத்தினால் என்ன?
– வாசகர், பளை

பதில்: தங்கள் மச்சான் செய்வது அவர் வாழும் இடத்தில் சட்டத்துக்கு உட்பட்டது. அங்கே பன்றி வந்தேறிய விலங்கு. 1539இல் ஸ்பானியத் தளபதி ஹெர்னாண்டோ டி சோட்டோ புளோரிடாக் கரையில் இறக்கிய பன்றிகளும், பின்வந்த குடியேறிகள் அவிழ்த்துவிட்ட வளர்ப்புப் பன்றிகளும், வேட்டைப் பிரியர்கள் ஐரோப்பாவிலிருந்து தருவித்த காட்டுப்பன்றிகளும் ஒன்றோடொன்று கலந்து பெருகியதன் விளைவே இன்றைய தொல்லை. ரெக்சாஸில் 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஹெலிகொப்டரிலிருந்து சுடுவதற்குக்கூட இடமளித்தது. 2019 செப்டெம்பரிலிருந்து, காணி உரிமையாளரின் சம்மதம் இருந்தால், தனியார் நிலத்தில் பன்றியைக் கொல்வதற்கு வேட்டை உரிமமே தேவையில்லை. நம் இலங்கையிலோ காட்டுப்பன்றி மண்ணுக்குரிய விலங்கு. சிறுத்தையின் இரைகளில் ஒன்று.

இத்தனை தாராளமாகச் சட்டம் இருந்தும் ரெக்சாஸில் பன்றி குறையவில்லை என்பதைத்தான் தாங்கள் முதலில் கவனிக்க வேண்டும். பெண்பன்றி ஏறத்தாழ 115 நாட்கள் சினையாக இருந்து, ஒரே ஈற்றில் நான்கு முதல் எட்டுக் குட்டிகள் வரை ஈனும். ஆண்டுதோறும் மொத்தத் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை அகற்றினால்தான் மிஞ்சியது பெருகாமல் நிற்கும் என்பது அங்குள்ள ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. வில்லாளி ஒருவர் ஓரிரவு முழுவதும் பரணில் காத்திருந்து, எல்லாம் கூடிவந்தால், ஒரு பன்றியை வீழ்த்துவார். கூட்டத்தின் மற்றைய பன்றிகள் அந்த இடத்தையும் அந்த மணத்தையும் மனத்தில் பதித்துக்கொண்டு, அடுத்த கிழமை இன்னொரு மூலையால் நுழையும். மரவள்ளியைக் காப்பாற்றுவதற்கு இது கணக்கே அல்ல.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காணொளிகளில் பன்றி வந்து நிற்கும் இடத்தைக் கவனித்தீர்களா? பெரும்பாலும் தானியங்கிப் பெட்டியொன்று குறித்த நேரத்தில் சோளத்தைக் கொட்டும் இடமாக அது இருக்கும். மாதக்கணக்காகத் தீனி போட்டுப் பழக்கிய பன்றி, அளந்து வைத்த இருபது யார் தூரத்தில், பக்கம் காட்டி நிற்கிறது. தங்கள் காணிக்கோ அது நள்ளிரவில், நிலவில்லாத நாளில், பற்றைக்குள்ளிருந்து வரும். குறியிடம் கண்ணுக்குத் தெரியாதபோது நாணை இழுப்பது வேட்டையல்ல.

சட்டத்தைப் பொறுத்தவரை, காட்டுப்பன்றி நம் நாட்டில் யானையைப் போலவோ மானைப் போலவோ பாதுகாப்புப் பெற்ற விலங்கன்று. ஆனால் தேசிய பூங்காக்களுக்குள்ளும் சரணாலயங்களுக்குள்ளும் எந்த ஆயுதத்தாலும் எந்த விலங்கையும் வேட்டையாட முடியாது. தங்கள் பகுதிக்குக் கிழக்கே உள்ள சுண்டிக்குளம் 1938இலேயே சரணாலயமாகி, 2015இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்ந்தது என்பதை மறவாதீர்கள். காணி எல்லைக்குள் செய்வதானாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவதே நல்லது.

கேள்வி: அவுஸ்திரேலியாவில் இருக்கும் என் தமையன் முறைப்படி பயின்று வில் வேட்டைக்குச் செல்பவர். தன் முதற் பன்றியைச் சரியாக நெஞ்சிலேயே எய்ததாகவும், அது அம்போடு ஓடி மறைந்து, இரத்தத் துளிகூடக் காணாமல் போனதாகவும் மனம் வருந்தி எழுதியிருக்கிறார். நெஞ்சில் தைத்த அம்பு எப்படிப் பிழைக்கும்?
– வாசகி, இணுவில்

பதில்: தங்கள் தமையன் மனம் வருந்தியதே அவர் நல்ல வேட்டைக்காரராவார் என்பதற்கு அடையாளம். அவர் குறிவைத்தது நெஞ்சு அன்று, நெஞ்சென்று அவர் நினைத்த இடம் என்பது என் ஊகம்.

மானை வேட்டையாடிப் பழகியவர்கள் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் நடு உயரத்தில் குறிவைப்பார்கள். மானில் அங்கே சுவாசப்பை இருக்கும். பன்றியின் உடலமைப்பு வேறு. இருதயமும் சுவாசப்பைகளும் தாழ்ந்தும் முன்தள்ளியும், இரு முன்னங்கால்களுக்கும் இடையே ஒடுங்கியிருக்கும். மானுக்கு எய்யும் இடத்தில் எய்தால் அம்பு ஈரலையோ இரைப்பையையோதான் துளைக்கும். அப்படிப் பட்ட பன்றி மணிக்கணக்காக உயிரோடு கிடந்து துன்புற்றே சாகும். பக்கவாட்டில் நிற்கும் பன்றியானால், முன்னங்காலின் பின்விளிம்பை ஒட்டி நேரே மேலேறி, உடலின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறிவைப்பதே முறை. அதைவிடச் சிறந்தது, பன்றி நம்மை விட்டு விலகிச் சாய்வாக நிற்கும் கணத்துக்காகக் காத்திருப்பது. அப்போது அம்பு விலாவின் பின்பகுதியில் நுழைந்து, எதிர்ப்பக்கத்து முன்னங்காலை நோக்கி, உயிர்நிலைகள் அனைத்தையும் ஊடறுத்துச் செல்லும்.

இப்படிச் சாய்வாக எய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. வயதான ஆண்பன்றிக்குத் தோளின் இருபுறத்திலும் தடித்த, குருத்தெலும்பைப் போன்ற கடினமான படலம் வளர்ந்திருக்கும். இணைசேரும் காலத்தில் எதிரியின் கோரைப்பல் குத்தாமல் இயற்கை கொடுத்த கேடயம் அது. போதாக்குறைக்கு, சேற்றில் புரண்டு மரத்தில் உரசியதால் மயிரோடு காய்ந்து இறுகிய மண் வேறு. நேர்ப்பக்கத்திலிருந்து வரும் அம்பை இந்தக் கவசம் தடுக்கும். பின்னிருந்து சாய்வாக வரும் அம்பு இதைத் தொடாமலே உள்ளே போய்விடும்.

இரத்தம் காணாததற்கு விளக்கம் எளிது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பு நழுவி வந்து காயத்தின் வாயை அடைத்துவிடும். அடர்ந்த மயிர் கசியும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அம்பு மறுபக்கம் வெளியேறி, தாழ்வான இடத்தில் இரண்டாவது துளை விழுந்தால்தான் நிலத்தில் தடம் கிடைக்கும். அதற்காகவே பன்றி வேட்டைக்காரர்கள் முப்பது கிராமுக்கு மேற்பட்ட பாரமான அம்பையும், விரிந்து மடங்கும் அலகுகளை விட நிலையாகப் பொருத்திய, சவர அலகு போலத் தீட்டிய இரும்பு முனையையும் விரும்புகிறார்கள். துவக்குக் குண்டு அதிர்ச்சியாலும் கொல்லும். அம்புக்கு அந்த வலிமை இல்லை. இரத்தக் குழாய்களை அறுத்து, குருதியை வடியச்செய்துதான் அது கொல்கிறது. முனை மழுங்கியிருந்தால் குழாய்கள் அறுபடாமல் விலகிக்கொடுக்கும். ஆகவே தீட்டாத அம்பை எடுத்துச் செல்வது, என் கருத்தில், விலங்குக்குச் செய்யும் கொடுமை.

அவர் எவ்வளவு தூரத்திலிருந்து எய்தார் என்று எழுதவில்லை. 1966இல் அமெரிக்கரான ஹொலிஸ் வில்பர் அலன் கப்பிகள் பொருத்திய கொம்பவுண்ட் வில்லை வடிவமைத்த பின்னர், நாணை முழுதாக இழுத்தபின் கையில் தாங்கவேண்டிய பாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐம்பது, அறுபது இறாத்தல் விசையுள்ள வில்லையும் சாதாரண உடல்வாகு கொண்டவர் இழுத்துப் பிடித்து நிதானமாகக் குறிபார்க்கலாம். இதனால் தூரத்தைப் பற்றிய அச்சம் பலருக்குப் போய்விட்டது. செக்கனுக்கு 250 அடி வேகத்தில் செல்லும் அம்பு இருபது யாரைக் கடக்கக் கால் செக்கன் எடுக்கும். நாணின் ஒலியோ செக்கனுக்கு 1100 அடிக்கு மேற்பட்ட வேகத்தில் போய், அம்பு பாதி வழிகூட வராத நிலையில் பன்றியின் காதை எட்டிவிடும். இருபது யாரில் அது ஓரங்குலம் அசைவதற்குள் அம்பு சேர்ந்துவிடும். நாற்பது யாரில் அரைச் செக்கன் ஆகும். அதற்குள் பன்றி ஓரடி எடுத்து வைத்தால், இருதயத்துக்குக் குறிவைத்த அம்பு வயிற்றில் தைக்கும்.

காற்றைப் பற்றியும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பன்றிக்குப் பார்வை மந்தம், மூக்கோ நாயின் மூக்கை ஒத்தது. நான் வன்னியில் விவசாயப் போதனாசிரியராக இருந்த நாட்களில் அறிந்த முதியவரொருவர், காட்டுக்குப் போகும் நாளில் சவர்க்காரம் போடமாட்டார், சுருட்டைத் தொடமாட்டார். சோழகம் வீசும் மாதங்களில் தென்மேற்கை முகத்துக்கு நேரே வைத்து நடப்பார்; வாடைக் காலத்தில் வடகிழக்கை. காற்று ஒரு நிலையில் நில்லாமல் சுழலும் அந்திப் பொழுதானால் ஒன்றும் பேசாமல் வீடு திரும்பிவிடுவார்.

அம்பு தைத்த பின் உடனே பின்தொடரக் கூடாது. குறைந்தது அரைமணி நேரம், வயிற்றில் பட்டதென்று சந்தேகமிருந்தால் இன்னும் பல மணி நேரம், அசையாதிருக்க வேண்டும். துரத்தப்படாத பன்றி அண்மையிலேயே படுத்துவிடும். துரத்தப்பட்டால் மிக அடர்ந்த பற்றையைத் தேடி ஓடும். அந்தப் பற்றைக்குள் கைகளிலும் முழங்கால்களிலும் தவழ்ந்து போகிறவருடைய முகத்துக்கு நேரே, மேற்பல்லில் உரசி உரசித் தானாகவே கூர்தீட்டிக்கொண்ட கீழ்க் கோரைப்பல் காத்திருக்கும். நம் வடபகுதியில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் நீடித்தது. காயப்பட்ட விலங்கின் தடம் சிவப்பு அபாயப் பலகையைக் கடந்து போனால், தேடல் அந்தப் பலகையோடு நின்றுவிட வேண்டும்.

கேள்வி: வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக உயர்தர வகுப்பில் படிப்பித்தார்கள். இது நடக்கக்கூடியதா?
– மாணவர், கொக்குவில்

பதில்: புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் அப்படித்தான் பாடுகிறார். யானையைப் பற்றிப் புலவருடன் வாதாட எனக்கு விருப்பமில்லை. நான்காவதாக வரும் கேழற்பன்றி மட்டும் நம் பொருளுக்குள் வருவதால் சொல்கிறேன்: வலிய வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு பன்றியை முழுதாக ஊடுருவி, மறுபுறம் மண்ணில் குத்தி நிற்பது இன்றைய வில்லாளிகள் பலர் கண்ட நிகழ்ச்சி. பன்றிக்கு அப்பால் புற்றில் கிடந்த உடும்பையும் அது தைத்ததென்றால், பாடலின் கடைசிப் பகுதியை நான் நம்புவேன்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் செய்தி. வலையறுத்து ஓடிய பன்றியை, பின்னாளில் கண்ணப்ப நாயனாரான திண்ணனார் நெடுந்தூரம் துரத்துகிறார். அது களைத்து மலைச்சாரலின் மரச்சூழலில் நின்றபோது அம்பு தொடுக்காமல், நெருங்கிச் சென்று சுரிகையால் குத்துகிறார். பன்றிக்கு மனிதரைப் போல வியர்த்து உடல் குளிர்வதில்லை. ஆகவேதான் அதற்குச் சேறும் நிழலும் வேண்டும். விடாது துரத்தினால் உடல் சூடேறி நிழலில் நின்றுவிடும். இதைக் கவியும் அறிந்திருந்தார், அல்லது அறிந்தவர் வாய்க் கேட்டிருந்தார்.

நம் தீவின் வில்லாளிகளைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில், வேடர்கள் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியையும், தமக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவத்தில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவார்கள் என்று எழுதியுள்ளார். கூரிய முனையின் விலை அக்காலத்திலும் அறியப்பட்டே இருந்தது.

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறேன். ஒன்ராறியோவில் காட்டுப்பன்றியை வில்லால் வேட்டையாட உரிமம் எங்கே பெறலாம்?
– வாசகர், கனடா

பதில்: எங்கும் பெற முடியாது. 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் காட்டுப்பன்றி வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. கண்டால் மாகாண அரசுக்கு அறிவிப்பதே தங்கள் பங்கு. வேட்டையாடினால் கூட்டம் சிதறிப் புதிய இடங்களில் பரவும், எஞ்சியவை மனிதரைக் கண்டு ஒளியக் கற்றுக்கொள்ளும், பின்னர் முழுக் கூட்டத்தையும் ஒருங்கே பிடிப்பது இயலாது என்பதே காரணம். பளை வாசகரும் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும். பிரித்தானியாவிலிருந்து கேட்ட இன்னொருவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அங்கே காட்டு விலங்குகளை வில்லால் கொல்வதை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: எங்கள் அயற்காணிக்காரர் பழத்துக்குள் பன்றிவெடி வைக்கிறார். இன்னொருவர் சைக்கிள் பிறேக் கம்பியில் சுருக்குக் கட்டுகிறார். எங்கள் பசு வெடியைக் கடித்து வாய் சிதறிச் செத்தது. சொன்னால் பகை வருகிறது. நான் என்ன செய்வது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா, தங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன். இந்தக் கடிதங்களில் என்னை உறங்கவிடாமல் செய்தது தங்களுடையதுதான். சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் எனப்படும் இந்த வெடி, பன்றிக்கென வைக்கப்பட்டு, நாட்டின் பல பகுதிகளில் யானைகளைக் கொன்றுவருகிறது. தாடையும் நாவும் சிதறிய யானைக்குட்டி உண்ணவும் குடிக்கவும் இயலாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். சுருக்குக் கம்பியும் ஆள் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை, மீட்டுச் சிகிச்சையளித்தும் சில நாட்களில் இறந்துபோனது.

கம்பியில் தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு, பன்றிவெடி, வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்த கம்பி ஆகிய மூன்றும் சட்டவிரோதமானவை. மூன்றும் விறகு பொறுக்கப் போகும் அயலவரையும் கொல்லக்கூடியவை. அயற்காணிக்காரரிடம் தாங்கள் தனியாகப் பேசவேண்டாம். கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும், பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டு, எழுத்தில் முறையிடுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பொதுப் பிரச்சினையாக யாராவது எழுப்பினால் பகை ஒருவர் மேல் விழாது. வில்லைக் கேட்டு எழுதிய பலருக்கு என் மனத்தில் ஓரளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்: வில்லாளி எதைக் கொல்கிறோம் என்பதைக் கண்ணால் கண்டபின்பே நாணை விடுகிறார். சுருக்குக் கட்டியவர் அப்போது வீட்டில் உறங்குகிறார்.

கேள்வி: காட்டுப்பன்றி இறைச்சி உண்பதால் நோய் வருமா? வத்தலாகப் போட்டால் பாதுகாப்பானதா?
– வாசகர், வவுனியா

பதில்: அரைவேக்காட்டில் உண்டால் வரும். தசையில் தங்கும் இளம் புழுக்கள் நன்றாக வேகவைத்தால் அழியும். வெயிலில் உலர்த்துவதையோ புகையூட்டுவதையோ நம்பமுடியாது. அறுக்கும்போது கையில் காயமிருந்தால் எலிக்காய்ச்சலும் தொற்றலாம். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த அதே நோய்தான். கையுறை அணியுங்கள். 2024இல் நம் நாட்டில் உறுதிசெய்யப்பட்ட ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றாது; ஆனால் செத்துக் கிடந்த காட்டுப்பன்றியைத் தொட்டுவிட்டு வளர்ப்புப் பன்றிப் பட்டிக்குள் நுழைந்தால் முழுப் பட்டியும் போய்விடும். செத்துக் கிடந்ததைக் கண்டால் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

கேள்வி: வில்லும் வேண்டாம், வெடியும் வேண்டாம் என்றால் கச்சானையும் வற்றாளையையும் எதனால் காப்பது? வெருளி கட்டினோம்; பன்றி அதன் காலடியிலேயே கிண்டியிருக்கிறது.
– வாசகர், தருமபுரம்

பதில்: வெருளி பறவைக்கானது. பார்வை மந்தமான விலங்குக்கு அதனால் என்ன?

பன்றி வேலியைத் தாண்டாது, அடியால் புகும். நம் ஊர்க் கதியால் வேலியும் பனைமட்டை வேலியும் ஆளின் பார்வையை மறைக்கவே கட்டப்பட்டவை. கீழே இடைவெளி இருந்தால் பன்றி மூக்கை விட்டு ஒரே தூக்கில் உள்ளே வரும். வலைக்கம்பியானால் அதன் அடிப்பகுதியை ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணில் புதைத்து, வெளிப்புறமாக வளைத்துவிடுங்கள். முட்கம்பியானால் முதல் இழை நிலத்தை ஒட்டியே ஓட வேண்டும். கீழ் மூன்று இழைகளும் நெருக்கமாக இருந்தால் போதும், மேலே எத்தனை இழை கட்டினாலும் அது மாட்டுக்குத்தான். உரிய கருவியால் செக்கனுக்கு ஒருமுறை மட்டும் துடிப்பாக மின்னை அனுப்பும் வேலி உயிரைக் கொல்லாது, ஆனால் மூக்கில் பட்ட பன்றி மறக்காது. அதன் கீழ்க் கம்பி நிலத்திலிருந்து பதினைந்து முதல் இருபது சென்ரிமீற்றர் உயரத்தில், பன்றியின் மூக்கு மட்டத்தில் இருக்க வேண்டும். கம்பியில் புல் முட்டினால் மின் நிலத்துக்கு இறங்கிவிடும் என்பதால், கிழமைக்கு ஒருமுறை வேலியடியைச் செருக்கத்தான் வேண்டும்.

பத்துக் காணிக்காரரும் தனித்தனியே பத்து வேலி கட்டுவதை விட, வெளிச்சுற்றில் ஒரே வேலியைக் கட்டினால் கம்பிச் செலவு பெருமளவு குறையும். கச்சான் காய் முற்றும் கடைசி மூன்று கிழமைகளில் முறை வைத்துப் பரணில் இருவர் காவலிருங்கள். ஒரே இடத்தில் ஒரே தகரத்தை ஒரே நேரத்தில் தட்டினால் நான்காம் நாள் பன்றி அதற்குப் பழகிவிடும். நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: தென்னம்பிள்ளையின் அடிக்கட்டை உளியால் செதுக்கியது போலப் பல்லடையாளத்தோடு அரிக்கப்பட்டிருந்தால், வந்தது பன்றியல்ல, முள்ளம்பன்றி. அதற்குப் பிள்ளையைச் சுற்றித் தகரம் அடித்தாலே போதும்.